எழுபத்திரண்டில் ஒரு பங்கு

ஆறடி உயர மனிதனை எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒரு அங்குலம் வருவான். ஆறடிக்கு எழுபத்திரண்டு அங்குலம் என்பதால் கணக்கு மிச்சமில்லாமல் வகுபடும். மாடல் விமானம் செய்கிறவர்களிடையே மிகவும் பரவலாகப் புழங்கும் அளவை இதுதான். இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் விரல் நுனியில் நிற்கக்கூடிய ஒரு மனிதனுக்குப் பொருத்தமாகத்தான் சுருக்குகிறோம் என்பது, நாற்பது வருஷமாக இந்தக் காரியத்தில் இருக்கும் எனக்குச் சமீபத்தில்தான் உறைத்தது. உறைக்க வைத்தது எட்டு மாதமாக என் மேஜையில் கிடக்கும் ஒரு காடலினா.

இதைப் படிக்கிற நண்பர்களில் சிலருக்கு இது ரிட்டயரான ஒருவனின் பொம்மை விளையாட்டாகப் படலாம். எனக்கு ஆட்சேபமில்லை. பொம்மையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காடலினா என்பது ஒரு பறக்கும் படகு. அமெரிக்காவின் கன்ஸாலிடேட்டட் கம்பெனிக்காக ஐஸக் லாடன் வடிவமைத்து, 1935 மார்ச் 28-ல் முதல் தடவையாகப் பறந்தது. 104 அடி நீள இறக்கையை உடம்பின் மேல் உட்கார்த்தாமல் ஒரு தடித்த தண்டின் மேல் தூக்கி வைத்திருப்பார்கள். உடம்பு அசல் படகு. பின்பகுதியில் இரண்டு பக்கமும் வேவு பார்ப்பதற்கும் துப்பாக்கி வைப்பதற்குமாகக் கண்ணாடிக் கொப்புளங்கள். வேகம் கிடையாது, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். ஆனால் ஒரே மூச்சில் இருபது மணி நேரத்துக்கு மேல் கடலைப் பார்த்தபடி பறந்துகொண்டிருக்கும். யுத்தத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட பிரதான வேலையும் பார்ப்பதுதான். குண்டும் போடும்.

என் அளவையில் இறக்கை 44 சென்டிமீட்டர், உடம்பு 27. பெட்டி பழையது, அச்சும் பழையது. உடம்பு பூராவும் வேர்க்குரு மாதிரி ரிவெட்டுகள். ஒவ்வொன்றும் சுமார் கால் மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது. எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தால் நிஜ விமானத்தில் அவை 18 மில்லிமீட்டர் துருத்தும். அப்படி ஒரு விமானத்தில் யாரும் ஏறமாட்டார்கள். கண்ணாடிக் கொப்புளங்களின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். நிஜத்தில் 7 சென்டிமீட்டர் கண்ணாடியாகிவிடும். இதையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொப்புளங்களை மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடுபண்ணி இழுத்துப் புதிதாகச் செய்து, அழிந்துபோன தகட்டு விளிம்புகளை ஊசியால் மறுபடி கீறி எடுக்க மூன்று மாதம் ஆயிற்று. இப்படிச் செய்கிறவர்களை ரிவெட் எண்ணுகிறவர்கள் என்று இந்தத் தொழிலிலேயே கேலி செய்வதுண்டு. நான் அந்த ஜாதிதான்.

எடை விஷயத்தில் மட்டும் ஜாதி தோற்றுப்போகும். முழுச் சுமையோடு காடலினா சுமார் 16 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் எடை 3,73,248-ல் ஒரு பங்கு. அதாவது 43 கிராம். என்னுடையது சமையலறைத் தராசில் 170 காட்டுகிறது. இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதை யாரும் தப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

நான் செய்ய நினைத்தது பொதுவாக ஒரு காடலினாவை அல்ல. கனடா நாட்டு 413-வது ஸ்க்வாட்ரனின் ஒரு குறிப்பிட்ட விமானத்தை. பக்கவாட்டில் கியூ, எல், ஏ என்று மூன்று எழுத்துக்கள். அது வெறும் பறக்கும் படகு. தரையில் இறங்கச் சக்கரம் கிடையாது. என் பெட்டியில் இருந்ததோ பின்னால் வந்த சக்கரம் வைத்த ரகம். ஆகவே உடம்பின் இரண்டு பக்கமும் இருந்த சக்கரக் குழிகளை பிளாஸ்டிக் அட்டை வெட்டி அடைத்து, பட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, மறுபடி தேய்க்க வேண்டியிருந்தது. நன்றாக அடைத்துவிட்டால் அங்கே ஒரு குழி இருந்ததே தெரியாது. வரியை எடுத்துவிட்ட இடம் தெரியாமல் கவிதையை மூடத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் அலுப்பும் லேசான கர்வமும் புரியும்.

அடுத்தது நிறம். நிறத்தில்தான் சண்டைகள் அதிகம். யுத்த காலப் போட்டோக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதிலும் அன்று புழங்கிய சில ஃபிலிம்களுக்குச் சிவப்பு ஒளி படியாது. நீலம் வெளிறிவிடும், மஞ்சள் கருத்துவிடும், சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். விமானத்தின் பக்கவாட்டு வட்டத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வளையம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத போட்டோக்கள் உண்டு. பிரமாணம் என்று நாம் நீட்டுகிற தாளே ஒரு குருடோடு பிறந்தது. போகட்டும், அசல் வண்ணம் கிடைத்துவிட்டது, அன்றைய டப்பாவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே மாடலில் பூசினால் மாடல் கறுத்துப் பொய்யாகத் தெரியும். நிஜ விமானத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இடையில் இருக்கிற காற்று வண்ணத்தை வெளுக்க வைக்கிறது. ஒரு முழ தூரத்தில் இருக்கும் மாடலுக்கு அந்தக் காற்று கிடையாது. ஆகவே வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் அபிப்பிராய பேதம். நம் பத்திரிகைகளில் யதார்த்தம் பற்றி நடந்த சர்ச்சைகளை எல்லாம் இரண்டு சொட்டு வெள்ளையில் முடித்திருக்கலாம் என்று ஒரு சாயங்காலம் எனக்குத் தோன்றிச் சிரித்தேன்.

வண்ணத்துக்குப் பிறகு அழுக்கு. புகைக் குழாயின் பின்னால் கரி, எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்க் கசிவு, தண்ணீர்க் கோட்டில் உப்புப் படிவு, கால் படுகிற இடத்தில் உரிந்த பெயின்ட். நீர்த்த வண்ணத்தைத் தடவித் துடைத்தும், ஈரப் பரப்பில் கல் உப்பைத் தூவி மேலே வண்ணம் அடித்துப் பிறகு உப்பைத் தட்டிவிட்டும் இதைக் கொண்டுவருவார்கள். அழகான வேலை, அதுதான் எனக்குத் தயக்கம். 413-வது ஸ்க்வாட்ரன் வட கடலில் ஷெட்லண்ட் தீவிலிருந்து இலங்கைக்கு மாற்றப்பட்டது. இந்த விமானத்தை ஓட்டிய லெனார்ட் பர்ச்சால் தெற்கு இலங்கையில் கொக்கல ஏரியில் வந்து இறங்கியது 1942 ஏப்ரல் 2-ல். ஏப்ரல் 4-ம் தேதி விடியுமுன் ரோந்துக்குக் கிளம்பினார். திரும்பவில்லை. ஆக நம் கடலின் வெயிலும் உப்பும் அதன் மேல் இரண்டு நாள்கூடப் படியவில்லை. வெப்பப் பிரதேசத்து விமானம் என்றால் வெளுத்திருக்க வேண்டும் என்ற சம்பிரதாயப்படி நான் அதை வெளுக்க வைத்தால் பார்க்கிறவர்களுக்கு நிஜமாகத் தெரியும், ஆனால் பொய். வெளுக்காமல் விட்டால் நிஜம், ஆனால் முடிக்காத வேலை மாதிரி தெரியும்.

அந்த ஏப்ரல் 4-ம் தேதியைச் சொல்லிவிடுகிறேன். பகல் பூராவும் இலங்கைக்குத் தென்கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப வேண்டிய நேரத்தில் தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தார்கள். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு நகுமோவின் கப்பற்படை வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் செய்தி தட்டிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ விமானங்கள் சுட ஆரம்பித்துவிட்டன. காடலினா கடலில் விழுந்தது. இருந்த 9 பேரில் 3 பேர் செத்தார்கள். மீதி 6 பேரை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் எடுத்துக்கொண்டு போயிற்று; யுத்தம் முடிகிறவரை கைதிகள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது, துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பலவற்றை வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படியும் ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த நேரத்தில் ரத்மலானையில் ஹரிகேன்கள் தரையில்தான் நின்றிருந்தன. கடைசிவரை பர்ச்சாலை இலங்கையின் ரட்சகர் என்றார்கள். அவர் 2004-ல் இறந்தார். பார்த்ததைச் சொன்னார், சொன்னது பாதி கேட்டது. ரட்சகர் என்ற வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவுதான் இருக்கிறது. இது போதாது என்று நான் நினைக்கவில்லை.

என் வீட்டுக்கு வரும் இளம் கவிஞர் ஒருவர், நல்ல கவிஞர், மாடலைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யுத்த மெஷினை இவ்வளவு அழகு பண்றீங்களே சார், உறுத்தலையா?"

உறுத்துகிறது என்றேன். அது சம்பிரதாயமான பதில் என்று எனக்கே தெரிந்தது. அவர் கேள்வியைவிடச் சங்கடமான ஒன்று அப்போது என் மேஜை மேலேயே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

பெட்டியில் விமானத்தோடு நாலு மனிதர்களும் வந்திருந்தார்கள். முகமில்லாத, கைகள் உடம்போடு ஒட்டிய, மெழுகு உருகின மாதிரியான நாலு உருவங்கள். இத்தனை பாகங்களில் மிக மோசமாக வார்க்கப்பட்டவை அவைதான். இது இந்த ஒரு பெட்டியின் குறை அல்ல. நான் பார்த்த பழைய பெட்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆகவே தேர்ந்த கைகள் முதலில் செய்கிற காரியம் மனிதர்களைத் தூக்கிப் போடுவது. நாற்காலிக்கு வார்ப்பட்டைகூட வெட்டி ஒட்டுவோம். அளவு முள்களில் எண் எழுதுவோம். நாற்காலி காலியாக இருக்கும். மனிதனை வைத்தால் மற்றதெல்லாம் பொம்மை என்று தெரிந்துவிடும் என்பது அனுபவம். நாற்பது வருஷத்தில் நான் செய்த முப்பத்துச் சொச்சம் விமானங்களில் ஒன்றில்கூட ஆள் கிடையாது. எவனை அளவுகோலாக வைத்து இத்தனையையும் சுருக்கினோமோ அவனைத்தான் அளவு பிசகுகிறது என்று வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

நம் விமர்சனத்துக்கும் இந்த வியாதி உண்டு. கவிதையின் ரிவெட்டுகளை எண்ணி எண்ணி, படிமம் சரி, தொனி சரி, ஒரு சொல் கூடுதல் என்று எழுதியிருக்கிறேன். இன்றும் அந்தக் கண்டிப்பை நான் கைவிடத் தயாரில்லை. ஆனால் நான் மதிப்புரை எழுதிய கவிதைகளில் உள்ளே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது.

இது வெறும் சிந்தனையாக நின்றிருக்கும். இறக்கை நுனி மிதவைகளுக்கு வந்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது.

காடலினாவின் இறக்கை நுனிகள் ஒரு விசேஷம். தண்ணீரில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மிதவைகள் உண்டு. மேலே கிளம்பியதும் அவை கால்களோடு மடங்கி, இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். இறங்குவதற்கு முன் மறுபடி கீழே தொங்கும். மடக்கி ஒட்டுவதா தொங்கவிட்டு ஒட்டுவதா என்பதை மாடல்காரனே தீர்மானிக்கலாம். என்னுடையது பறந்துகொண்டிருக்கும் விமானம், ஆகவே மடக்க வேண்டும். கால்களை வெட்டப் பிளேடை எடுத்தேன். அப்பாவின் குரல் கேட்டது என்று எழுதினால் பொய். ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தது. கொக்கு காலைத் தொங்கவிட்டு எறங்குமில்ல, அந்த மாதிரி.

அப்பா 1931-ல் பிறந்தவர். சூளையில் வீடு. கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள், ஏப்ரல் 6-ல், விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியாயிற்று. சர்க்காரே போகச் சொன்னது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்பா வீட்டார் மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு, செங்குன்றம் வழியாக, பொன்னேரிப் பக்கம் பாட்டியின் ஊருக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் ஏரிக்கரையில் போகும்போது தண்ணீரில் விமானம் இறங்கியதைப் பார்த்தேன் என்பது அப்பா எங்களுக்குச் சொன்ன ஒரே யுத்தக் கதை. அவருக்குக் கதை சொல்ல வராது. ஆகவே இதையும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

1983-ல் மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகக் கடையில் யுத்த விமானங்களின் வண்ணங்கள் பற்றி ஒரு ஆங்கிலப் புஸ்தகம் வாங்கினேன். அன்று ராத்திரி அப்பாவிடம் காட்டினேன். காடலினா படத்தைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. "இதான்டா. வண்டி ஏரிக்கரைல போறப்போ பாத்தேன். வெள்ளை வெளேர்னு. கொக்கு காலைத் தொங்கவிட்டு எறங்குமில்ல, அந்த மாதிரி எறங்குச்சு."

"நாப்பத்திரெண்டுல வெள்ளை கிடையாதுப்பா" என்றேன். "மேல கரும் சாம்பல். அடிப்பக்கம் வெளிர் பச்சை. புஸ்தகத்திலேயே போட்டிருக்கு பாருங்க."

அவர் புஸ்தகத்தை வாங்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு 1999-ல் சாகிறவரை அவர் அந்த விமானத்தைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளிடமும் சொன்னதில்லை.

பிளேடை வைத்துவிட்டு யோசித்தேன். கால் தொங்குகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மற்ற விமானங்களுக்குத் தொங்குவது சக்கரம், அது உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்கையின் இரண்டு கோடியிலும் கால் இறங்குகிற விமானத்தை வேறெங்கே அவர் பார்த்திருக்க முடியும்? என் புஸ்தகத்திலிருந்த படத்தில் மிதவைகள் மடங்கியிருந்தன. கொக்கு என்பதை நான் வெறும் வெள்ளைக்கான உவமையாக எடுத்துக்கொண்டிருந்தேன். உவமைகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவன். அவர் சொன்னது காலை. நான் நாற்பது வருஷம் கழித்துக் கையில் பசையோடு கண்டுபிடித்ததைப் பதினொரு வயசில், அல்லது கொஞ்சம் கூடுதல் வயசில், ஏரிக்கரையிலிருந்து அவர் பார்த்திருந்தார்.

கொஞ்சம் கூடுதல் வயசில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளம். 240-வது ஸ்க்வாட்ரனின் காடலினாக்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் அந்த ஸ்க்வாட்ரன் அங்கே வந்தது 1942 ஏப்ரலுக்குப் பிறகு. யுத்தத்தின் பிற்பகுதியில் இத்தகைய விமானங்களுக்கு வெள்ளை அடித்தார்கள். கடலிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வானத்தின் பின்னணியில் வெள்ளைதான் கடைசியாகத் தெரியும் என்பதால். கீழை யுத்த அரங்கில் அடையாள வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பையும் எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சூரியனோடு குழப்பம் வரும் என்று. இவையெல்லாம் என் 1983 புஸ்தகத்துக்குப் பின்னால் நான் வாங்கிய புஸ்தகங்களிலேயே இருந்தன. படித்தும் இருக்கிறேன். அப்பாவோடு சேர்த்துப் படிக்கவில்லை. யுத்தம் முடிகிறவரை சூளைக்கும் பாட்டி ஊருக்கும் எத்தனை தடவை அந்த வண்டி போய் வந்ததோ. ஏதோ ஒரு தடவை, 1944-லோ 45-லோ, ஒரு வெள்ளை விமானம் இறங்கியிருக்கிறது. ஊரை விட்டு ஓடிய நாளோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன மாதம் ஃப்யூஸ் கம்பியும் பட்டியும் கொண்டு ஒன்பது மனிதர்களைச் செய்தேன். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக. நன்றாக வரவில்லை. ஒன்பதும் ஒரே மாதிரிதான் வந்தது. எந்த மூவர் என்று அடையாளம் எதுவும் வைக்கவில்லை. ஓட்டுகிற இடத்தில் இரண்டு பேர், இறக்கைத் தண்டுக்குள் இருக்கும் எஞ்சினியர் ஆசனத்தில் ஒருவர், கொப்புளங்களில் இரண்டு பேர், மற்றவர்களை உத்தேசமாக உள்ளே வைத்து உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டினேன். கவிஞர் வந்து பார்த்தார். ஆளை வைத்ததும் பொம்மை மாதிரி ஆகிவிட்டது என்றார். சரிதான். பிரிக்க உத்தேசமில்லை.

வெள்ளை விமானத்தைச் செய்ய இன்னொரு பெட்டி பரண் மேல் இருக்கிறது. எந்த எண், எந்த எழுத்து என்று தெரியாததால் ஆரம்பிக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரு சாட்சிதான் இருந்தார். நான் திருத்தியது நிறத்தை, தவறியிருந்தது வருஷம். அன்று ராத்திரி இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அதை இரண்டு பேருமாகவே கண்டுபிடித்திருப்போம். வண்டியில் கூட யார் இருந்தார்கள், அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.